பொழுது சாய்ந்தால் பிள்ளை யாரிடம்?

பொள்ளாச்சியில் ஒரு கல்யாண வரவேற்பு. மாலை நான்கு மணிக்குக் கிளம்பி, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, மொய் எழுதி, சாப்பிட்டு, அதே நாற்பதையும் ஏறி வால்பாறைக்குத் திரும்ப வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால், ஒன்பதாவது வளைவின் காட்சிமுனை வருவதற்குள் இரண்டு முறை வாந்தி நிச்சயம். வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம். ஆனால் யாரிடம்?

வங்கிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மாற்றலாகி வந்து, அமுச்சியும் அப்பச்சியும் சமவெளியில் இருக்க, மலைமேல் தனியாகக் குடித்தனம் நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்வி இது. கேட்டவுடன் ஊரே ஆலோசனை சொல்லும். அதில் பாதி தப்பு.

“காசு கொடுத்துப் பிள்ளை பார்க்கச் சொல்றதெல்லாம் டவுன்காரங்க வழக்கமுங்க”

வால்பாறையில் இதைச் சொல்பவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். கூலிக்குப் பிள்ளை பார்க்கும் வேலை இந்த மலையில் சட்டம் போட்டு நடந்த வேலை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 12-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஐம்பது பெண் தொழிலாளர்கள் இருந்தாலோ, அவர்களுக்கு இருபது குழந்தைகள் இருந்தாலோ, நிர்வாகம் காப்பகம் நடத்த வேண்டியிருந்தது. பிள்ளை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் அது இருக்க வேண்டும் என்றது அந்தப் பிரிவு. அம்மா கொழுந்து பறிக்க மலையேறினால், தொட்டிலை ஆட்டியது ஆயாம்மா. அப்படி வளர்ந்தவர்கள் இன்று வால்பாறையில் கடை வைத்திருக்கிறார்கள், ஆட்டோ ஓட்டுகிறார்கள், வாத்தியாராக இருக்கிறார்கள்.

எஸ்டேட் காப்பகத்தில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஆயாம்மா, ஒரே நேரத்தில் பத்துப் பிள்ளைகளின் அழுகையைக் கேட்டு எது பசி, எது காது வலி என்று பிரித்துச் சொல்லக்கூடியவர். வெளியூர் ஏஜென்சிக்கு போன் போடுவதற்கு முன் தொழிலாளர்களின் லயன் வீடுகள் பக்கம் போய், “முன்னாடி பிள்ளை பார்த்த ஆயாம்மா யாராச்சும் இருக்காங்களா?” என்று விசாரியுங்கள். காப்பகம் பகல்பொழுதுக்கானது, மாலை வேலைக்கு அவர்களைத் தனியாகத்தான் பேசி அமர்த்த வேண்டும். போகவர ஜீப் செலவும் உங்களுடையதே.

“சொந்தக்காரங்கன்னா பயமில்லை, வெளியாளுன்னாதான் பயம்”

எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகையில் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். சீண்டியவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்குரியவர்கள். இன்னொன்று: பாதிக்கப்பட்டவர்களில் பையன்கள்தான் சற்றே அதிகம். “பையன்தானே, யார்கிட்ட விட்டா என்ன?” என்பதும் அத்தோடு அடிபட்டுப் போகிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கோ இன்னும் கடுமை. போக்சோ சட்டத்தின் கீழ் வரும் வன்புணர்வு வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழந்தை அறிந்த ஆள்.

மாமாவையும் சித்தப்பாவையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. ஆயாம்மாவிடம் கேட்கிற கேள்விகளைச் சொந்தக்காரரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள் என்கிறேன். வீட்டில் வேறு யார் இருப்பார்கள்? பிள்ளையைக் கழுவி உடை மாற்றுவது யார்? இவ்வளவுதான். ஒருவரிடம் போக மாட்டேன் என்று பிள்ளை அடம்பிடித்தால், “மரியாதை இல்லாம நடந்துக்கிறான்” என்று அதட்டாமல் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். உதவி வேண்டுமென்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்கலாம்.

இதே நம்பிக்கைக்கு வால்பாறையில் இன்னொரு முகம் உண்டு: “வடக்கத்தி ஆளுங்க வந்ததிலிருந்து கதவைத் திறந்து போட முடியறதில்லை.” இப்போது எஸ்டேட்டுகளில் கொழுந்து பறிப்பவர்களில் பலர் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். நூறு வருஷம் முன்பு கங்காணிகள் தெக்கத்திச் சீமையிலிருந்து கூட்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இப்படிப் பேசுகிறார்கள். பி.எச். டேனியலின் ‘ரெட் டீ’ நாவலை, தமிழில் ‘எரியும் பனிக்காட்டை’, படித்தவர்களுக்கு அந்த வருகை எப்படிப்பட்டது என்று தெரியும்.

“அவங்க வீட்ல விட்டுட்டுப் போனா ராத்திரி வந்து தூக்கிக்கலாம்”

கோவையிலோ திருப்பூரிலோ இது சரி. இங்கே வேண்டாம். 2025 ஜூனில் பச்சைமலை எஸ்டேட்டில், ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பத்தின் சிறுமியை வீட்டுப் பக்கத்திலிருந்தே சிறுத்தை கவ்விச் சென்றது. மாலைநேரம். ஆகஸ்டில் வேவர்லி எஸ்டேட்டில் அசாம் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் இறந்தபோது முதலில் சிறுத்தை என்றார்கள். பிறகு கரடி என்று தெரியவந்தது. எதுவானாலும் பொழுது சாயும் நேரமும், தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் சின்ன உருவமும்தான் ஆபத்து.

அதனால் பார்த்துக்கொள்பவர் உங்கள் வீட்டுக்கு வரட்டும், வெளிச்சம் இருக்கும்போதே வரட்டும். அவரை ராத்திரி அவர் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவது உங்கள் பொறுப்பு. நீங்கள் வரும்வரை பிள்ளை படி இறங்கக் கூடாது. நிலா காட்டவும் வேண்டாம், பிஸ்கட் வாங்கவும் வேண்டாம். ஒருமுறை பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் மகனை விட்டுவிட்டுப் போய் இதைச் சொல்ல மறந்தேன். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் பெட்டிக்கடையிலிருந்து இருட்டில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் மேல் தப்பில்லை. அவள் அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தினாள், அவ்வளவுதான்.

“எட்டாவது படிக்கிற பொண்ணு இருக்கு, நூறு ரூபா கொடுத்தா போதும்”

பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் முதலே குற்றம். 2016-இல் அது எல்லா வேலைகளுக்கும் நீண்டது. சட்டத்தை விடுங்கள், குழந்தைக்குத் தொண்டையில் நிலக்கடலை சிக்கினால் பதின்மூன்று வயதுப் பிள்ளை என்ன செய்யும்?

“போலீஸ் வெரிபிகேஷன் முடிச்சாச்சு, கேமராவும் மாட்டியாச்சு”

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டு வேலைக்காரர் பற்றிய சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். தொடர்ந்து வேலைக்கு வைக்கிறவர்கள் செய்வது நல்லது. அதில் கிடைப்பது, அந்த ஆள்மேல் வழக்கு இருக்கிறதா என்ற பதில். காய்ச்சல் கண்ட பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பது அதில் வராது. கேமரா, மழைக்காலத்தில் கரண்டும் சிக்னலும் இருக்கும்வரை ஓடும். மாட்டியிருந்தால் வருகிறவரிடம் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைப்பது அசிங்கம்.

“தூங்கலைன்னா ரெண்டு சொட்டு சிரப் கொடுத்துருங்க”

கொடுக்கவே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சளி மருந்துகளில் அதிகம் விற்கும் குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கூட்டு மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டாளர் 2023 டிசம்பரில் உத்தரவிட்டார். ஒரு வயதுக்குக் கீழே தேனும் வேண்டாம்.

“எட்டு மணிக்கெல்லாம் வந்துருவோம்”

மலைப்பாதையில் கவர்க்கல்லில் பனி இறங்கினால் வண்டி நடைவேகம்தான். யானை ரோட்டில் நின்றால் அதுவும் இல்லை. பத்தரை என்று சொல்லிவிட்டுப் போங்கள். அதுவரைக்கும் சேர்த்தே கூலி பேசுங்கள். முன்னால் வந்தாலும் குறைக்காதீர்கள். போன் எடுக்காவிட்டால் ஓடிவரக்கூடிய ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணையும், 108-ஐயும், வீட்டின் அடையாளத்தையும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். ஆம்புலன்ஸ்காரருக்கு லயன் எண்ணும் டிவிஷன் பெயரும் வேண்டும்.

ஆள் சரியா என்று தெரிய நான் கண்ட வழி ஒன்றுதான். வரவேற்புக்கு ஒரு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கூலி கொடுத்து வரச் சொல்லுங்கள். நீங்கள் அடுப்படியில் இருங்கள். பிள்ளை விழுந்தால் அவர் முதலில் பிள்ளையைப் பார்க்கிறாரா, உங்களைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். எங்கள் வீட்டுக்கு அப்படி வந்த ஆயாம்மா, கூலி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே என் மனைவியிடம் கேட்டது: “அம்மிணி, பையனுக்கு எந்தக் கம்பளி? அது இல்லாட்டி தூங்குவானா?” எங்களுக்கே அது சரியாகத் தெரியவில்லை. அன்றைக்கு மதியம் மூன்று கம்பளிகளை எடுத்துப் போட்டுப் பார்த்தோம்.