கட்டிப்போட்டால் விழமாட்டாரா?

கேள்வி: மறதிநோய் உள்ள அப்பா முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இரவில் எழுந்து நடந்து இரண்டு முறை விழுந்துவிட்டார். கட்டிலோடு கட்டிவைக்க அனுமதி கேட்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம். கட்டினால் விழமாட்டார் என்பது நியாயமாகத்தான் படும், நடைமுறை அப்படியில்லை. அமெரிக்காவில் 1987-ல் வந்த சட்டம் பராமரிப்பு இல்லங்களில் கட்டிவைப்பதைக் கட்டுப்படுத்தியது. அந்த வழக்கம் வெகுவாகக் குறைந்தது; அதனால் பலத்த காயங்கள் பெருகிவிடவில்லை. அசையாத கால் சீக்கிரமே வலுவிழக்கும். கட்டிலின் பக்கக் கம்பியைத் தாண்ட முயல்பவரோ இன்னும் உயரத்திலிருந்து விழுவார். ராத்திரிக்கு ஒரே ஆள்தான் என்பார்கள். இருக்கலாம், ஆனால் கயிறு அவர்களுடைய ஆள் பற்றாக்குறைக்கு மருந்து, அப்பாவுக்கு அல்ல. அவர் ஏன் எழுகிறார் என்று பாருங்கள்: சிறுநீர் முட்டலாம், எங்கோ வலிக்கலாம், சொல்லத் தெரியாது. நள்ளிரவில் ஒருமுறை கழிப்பறைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். தாழ்வான கட்டிலும் இரவு விளக்கும் கேளுங்கள். இத்தனைக்குப் பிறகும் விழக்கூடும், அதை மறைப்பதில் பயனில்லை. தூக்க மாத்திரை தருகிறார்களா? தள்ளாட்டத்துக்கு அதுவே காரணமாகலாம். மருந்துச் சீட்டை இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.