வேலைவாய்ப்பு அலுவலகமும் அதன் உயிர்ப்பதிவேடும்

நாட்டில் வேலையற்றோர் எத்தனை பேர் என்ற வினா எழும்போதெல்லாம், வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிவு செய்துகொண்டோரின் தொகையே நெடுங்காலமாக விடையாகக் காட்டப்பட்டு வந்துள்ளது. 1990ஆம் ஆண்டின் இறுதியில் இத்தொகை ஏறத்தாழ மூன்றரைக் கோடியாக இருந்தது. 2000ஆம் ஆண்டில் நான்கு கோடியைத் தாண்டியது. அதே 2000ஆம் ஆண்டில் இவ்வலுவலகங்களின் வாயிலாக வேலை பெற்றோர் இரண்டு லட்சத்திற்கும் குறைவு. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து அலுவலகத்தைக் குறை கூறுவது எளிது. எனினும், அது எப்பணிக்காகத் தோன்றியது, சட்டம் அதற்கு எவ்வளவு அதிகாரம் அளித்தது என்பவற்றை அறிந்த பின்னரே அக்குறை யாரைச் சார்ந்தது என்பது விளங்கும்.

கட்டணமின்றி வேலை தேடித்தரும் அரசு அமைப்புகள் தேவை என்பது 1919ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கைகளுள் ஒன்று. இந்தியா அதை 1921இல் ஏற்று, 1938இல் கைவிட்டது. இடையில் 1931இல் அறிக்கை அளித்த தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன், ஆலை வாயிலிலேயே ஆட்கள் கிடைக்கும்வரை இத்தகைய அமைப்பால் பயனில்லை எனக் கருதியது. ஆட்கள் கிடைத்தது உண்மையே. ஆனால், அவர்களை உள்ளே அனுப்பிய மேஸ்திரிகள் பெற்ற கையூட்டை அதே கமிஷனே கண்டித்திருந்தது என்பதையும் மாணவர்கள் உடன்வைத்துப் படித்தல் நலம்.

நிலைமையை மாற்றியது இரண்டாம் உலகப் போர். இந்தியப் படையில் இருபது லட்சத்திற்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டிருந்தனர். போர் முடிந்து ஊர் திரும்புவோருக்கு வாழ்வளிக்க 1945 ஜூலையில் மறுவாழ்வு, வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் அமைக்கப்பட்டு, அதன்கீழ் அலுவலகங்கள் திறக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில் தேசப் பிரிவினை நேர்ந்தது. இடம்பெயர்ந்து வந்தோரின் பொறுப்பும் இவ்வலுவலகங்களைச் சேர்ந்தது. 1941இல் ஏறத்தாழ 9 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை 1951இல் 17 லட்சத்தைக் கடந்தது என்பதிலிருந்து அச்சுமையின் அளவை ஊகிக்கலாம். 1948இன் தொடக்கத்தில் வேலை தேடும் அனைவருக்கும் கதவு திறக்கப்பட்டது. குறிப்பிட்ட தொகையினரைக் குறிப்பிட்ட காலத்தில் குடியமர்த்துவதற்கென எழுந்த தற்காலிக ஏற்பாடு, இவ்வாறு, எல்லையற்ற கடமையைக் கொண்ட நிரந்தரத் துறையாயிற்று.

பி. சிவராவ் தலைமையில் 1952இல் அமைந்த குழு, தன் அறிக்கையை 1954இல் அளித்தது. அதன் பரிந்துரைப்படி அன்றாட நிர்வாகம் 1956 நவம்பர் 1 முதல் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கொள்கை வகுத்தலும் ஒருங்கிணைத்தலும் மத்திய அரசிடம் நின்றன. செலவில் 60 விழுக்காட்டை மத்திய அரசு ஏற்றது.

அடுத்து வந்தது 1959ஆம் ஆண்டின் காலியிடங்களைக் கட்டாயமாக அறிவித்தல் சட்டம். 1960 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின்படி, பொதுத்துறை நிறுவனங்கள் யாவும், 25 அல்லது அதற்கு மேற்பட்டோரைப் பணியில் கொண்ட தனியார் நிறுவனங்களும் தம் காலியிடங்களை அலுவலகத்திற்குத் தெரிவித்தாக வேண்டியிருந்தது. வீட்டு வேலை, மூன்று மாதத்திற்கும் குறைந்த வேலை, அலுவலகத்தின் தேர்ச்சியற்ற வேலை, மாதம் 60 ரூபாய்க்கும் குறைந்த ஊதியமுள்ள வேலை முதலியவற்றிற்கு விலக்கு இருந்தது. தெரிவிக்கத் தவறினால் முதல் முறை 500 ரூபாய் வரையிலும், மறுமுறை 1,000 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க இடமிருந்தது.

இச்சட்டத்தின் உயிர்நாடி நான்காம் பிரிவின் இறுதியில் இருந்தது. காலியிடத்தைத் தெரிவித்த காரணத்தாலேயே அலுவலகத்தின் வாயிலாக ஆளெடுக்கும் கடமை எவருக்கும் இல்லை என்று அது கூறியது. ஆக, கட்டாயம் அறிவித்தலுக்கே, அமர்த்தலுக்கு அன்று. தேர்வு நடத்தியும் அவ்விடங்களை வேறு வழியில் நிரப்பிக்கொள்ள நிறுவனங்களுக்குத் தடை இருக்கவில்லை. அரசுத் துறைகளோ நிர்வாக ஆணைகளின்படி இவ்வலுவலகங்களையே நாடின. இதனால் பதிவு என்பது வேலை தேடும் பல வழிகளுள் ஒன்றாக இராமல், அரசுப் பணியை எதிர்நோக்கி நிற்கும் வரிசையாக உருக்கொண்டது.

வரிசையின் இயல்பை அலுவலக நடைமுறையே உறுதிப்படுத்தியது. பதிவு செய்பவரின் விவரங்கள் எக்ஸ்-1 என்னும் அட்டையில் ஏறும். தேசியத் தொழில் வகைப்பாட்டின்படி குறியீட்டு எண் இடப்படும். அவர் கையில் எக்ஸ்-10 என்னும் அடையாள அட்டை தரப்படும். காலியிடம் வரும்போது தகுதியுடையோருள் முன்னதாகப் பதிந்தவர் பெயர் முன்னதாக அனுப்பப்படும். தமிழ்நாட்டில் இதற்குப் பதிவு மூப்பு என்று பெயர். சிபாரிசற்ற எளிய குடும்பத்து இளைஞருக்கு இம்முறை ஒரு பாதுகாப்பு என்பதை மறுக்கவியலாது. அதே வேளையில், பள்ளியிறுதி முடிந்தவுடன், வேலை தேவையோ இல்லையோ, பதிந்து வைப்பது வழக்கமாயிற்று. குறித்த காலத்தில் புதுப்பிக்கத் தவறினால் பல ஆண்டு மூப்பு அறுந்துவிடும். இவ்வச்சத்தால், சிறு வேலையில் அமர்ந்துவிட்டவரும் அட்டையைக் கைவிடுவதில்லை.

1987இல் உச்ச நீதிமன்றம், அலுவலகத்தின் வாயிலாக மட்டுமே ஆளெடுக்க வேண்டுமென 1959ஆம் ஆண்டுச் சட்டம் வற்புறுத்தவில்லை எனவும், அரசுத் துறைகளுக்கு அவ்வாறு ஆணையிட்டது செல்லும் எனவும் தீர்ப்பளித்தது. 1996இல் மற்றொரு வழக்கில், அலுவலகத்திற்குத் தெரிவிப்பதோடு செய்தித்தாள் முதலியவற்றிலும் விளம்பரம் செய்து, விண்ணப்பிப்போர் யாவரையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்று கூறியது. பெயர் அனுப்பப்படாதவருக்கு இது நியாயம். பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தவருக்கு மூப்பின் மதிப்பு குறைந்தது.

இவற்றை நோக்கின், உயிர்ப்பதிவேட்டின் தொகையை வேலையின்மையின் அளவாகக் கொள்ளுதல் ஏன் பொருந்தாது என்பது புலனாகும். அதில் மாணவர் உண்டு, வேலையில் இருப்போர் உண்டு. விதைப்புக்கும் அறுவடைக்கும் இடையே வேலையின்றி இருக்கும் விவசாயக் கூலி அதில் பெரும்பாலும் இல்லை; பதிவதால் அவருக்குக் கிட்டும் பயன் யாது? இக்காரணத்தாலேயே, 1970இல் தந்த்வாலா குழு வேலையின்மை மதிப்பீடுகளை ஆராய்ந்ததன் பின், 1972-73இல் தேசிய மாதிரி ஆய்வின் 27ஆம் சுற்று வீடுதோறும் சென்று விவரம் திரட்டியது. படித்த இளைஞர் எவ்வகை வேலையை நாடுகின்றனர் என்பதை அறியவே பதிவேடு உதவும்.

2015 ஜூலையில் தேசிய வாழ்க்கைத்தொழில் சேவை என்னும் இணையவழி ஏற்பாடு தொடங்கப்பட்டது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெறும் வகையில் வகுக்கப்பட்டு 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வேலைவாய்ப்பு அலுவலகத்தை வாழ்க்கைத்தொழில் மையம் எனப் பெயர் மாற்றியது. காலியிடத்தைத் தெரிவித்த காரணத்தாலேயே அம்மையத்தின் வழியே ஆளெடுக்கும் கடமை எவருக்கும் இல்லை என்ற விதி அதிலும் இடம்பெற்றுள்ளது.