ஆய்வகத்து அமிலமும் அன்னையர் நலமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

வருமுன் காப்பதே அறிவுடைமை என்பர் பெரியோர். ஆனால் புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டாலே நாம் காதைப் பொத்திக்கொள்கிறோம். பெண்களைத் தாக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோயை, நம் ஆய்வக அலமாரியிலுள்ள ஓர் எளிய அமிலத்தைக் கொண்டே முன்கூட்டி அறியலாம் என்றால் வியப்பாக இல்லையா?

நோயின் இயல்பு

இந்நோய்க்குக் காரணம் பாப்பிலோமா என்னும் வைரஸ். இதைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹெரால்டு சூர் ஹௌசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். வைரஸ் தொற்றிய பலருக்கு அது தானே மறைந்துவிடும். சிலருக்கு மட்டும் நிலைத்து நின்று, கருப்பை வாயின் செல்களை மாற்றுகிறது. அம்மாற்றம் புற்றாக முதிரப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இந்த இடைவெளியே நமக்குக் கிடைத்துள்ள நல்வாய்ப்பு.

சோதனை முறை

சமையலறை வினிகரில் உள்ளதும் அசிட்டிக் அமிலமே. 3 முதல் 5 விழுக்காடு அடர்த்தியில் அதனைப் பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். மாறுபட்ட செல்களில் உட்கருவும் புரதமும் மிகுதி. அமிலம் பட்டதும் புரதம் திரிந்து, அவ்விடம் வெண்மையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்யலாம். முடிவும் அப்போதே தெரிந்துவிடும்.

திண்டுக்கல் தந்த பாடம்

இம்முறையின் பயனை உலகுக்கு மெய்ப்பித்தது நம் தமிழகமே! அறிஞர் சங்கரநாராயணனும் குழுவினரும் 2000ஆம் ஆண்டு முதல் திண்டுக்கல் மாவட்டச் சிற்றூர்களில் நடத்திய ஆய்வு 2007இல் வெளியாயிற்று. 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள் அழைக்கப்பட்டனர். 31,343 பேர் சோதனைக்கு வந்தனர். அவர்களுள் 3,088 பேருக்கு வெண்மை தெரிந்தது. வெண்மை தெரிந்த எல்லோருக்கும் புற்றுநோய் என்று பொருளன்று. மேற்கொண்டு ஆராயவேண்டும் என்பதே பொருள். முற்றாத மாற்றங்களை உறைய வைத்தே அழித்துவிடலாம். ஒரே ஒரு முறை செய்த இச்சோதனையால், சோதனைக்கு அழைக்கப்படாத ஊர்களைவிட இவ்வூர்களில் இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது.

ஆனால் இலவசமாக அழைத்தும் மூவரில் ஒருவருக்கு மேல் வரவில்லை என்பதையும் நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

நம் ஊரில்

பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் நம் தாய்மார்கள், ஒரு நிமிடச் சோதனைக்கு நாணுகின்றனர். நாணத்தைவிடப் பெரிது அச்சம். அதனினும் பெரிது ஊர்ப்பேச்சு. எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கும் பெரியம்மா ஒருவர் இந்நோய்க்குச் சிகிச்சை பெற்று நலமடைந்தவர். ஆயினும் அவர் தொடுத்த பூவை வாங்கச் சிலர் தயங்கினர். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. பூவின் வழியும் பரவாது. மீண்டு வந்தவரை ஒதுக்குவதைக் கண்ட பிற பெண்கள், தமக்குள்ள குறையையும் மறைக்கத் தொடங்கினர் என்பதே கொடுமை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதற்பெண் நான். அமிலம், புரதம் என்று என் தாயாருக்கு விளக்கினேன், அவர் அசையவில்லை. அந்தப் பெரியம்மா வந்து, “நானும் பயந்துதான் கெடந்தேன். வா, நான் கூட வரேன்” என்றார். மறுநாளே இருவரும் ஆரம்ப சுகாதார நிலையம் சென்றனர். நூலறிவு செய்ய இயலாததை, நோயை வென்றவரின் ஒரு சொல் செய்தது.

முடிவுரை

தோழர்களே, தோழியரே! அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இச்சோதனை இலவசமாகவே செய்யப்படுகிறது. 30 வயது கடந்த அன்னையையும் அத்தையையும் அழைத்துச் செல்வோம். மீண்டு வந்தவரிடம் முன்போல் பூ வாங்குவோம், அவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்போம், விசேஷங்களுக்கு முதலில் அழைப்போம். அவரை ஊர் மதித்தால், அடுத்த வீட்டுப் பெண் அஞ்சாமல் சோதனைக்கு வருவாள்.