குடும்ப நினைவு மடல்: ஆறாம் வகுப்பில் ஒரு செயல்பாடு

பழைய வீடுகளின் கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு திருமண வாழ்த்துமடல் தொங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். சுற்றிலும் பூங்கொடி, மேலே இரண்டு குத்துவிளக்கு, நடுவில் மணமக்கள் பெயர், கீழே வாழ்த்தும் நண்பர்களின் வரிசை. தாள் பழுத்துப் போயிருக்கும். ஆனால் திருமணம் நடந்த நாள், இடம், இரு வீட்டாரின் ஊர் எல்லாம் அதில் இருக்கும். பல வீடுகளில் அந்தத் திருமணத்துக்கு வேறு எழுத்துச் சான்றே கிடையாது. அழகுக்காக மாட்டிய தாள்தான் அந்தக் குடும்பத்தின் ஆவணமாக நிற்கிறது.

ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் 'வரலாறு என்றால் என்ன?' என்ற பாடத்தை நடத்தும்போது சான்றுகள் என்றதும் குழந்தைகள் கல்வெட்டு, நாணயம், செப்பேடு என்று அடுக்குவார்கள். வீட்டுப் பரணில் இருக்கும் தகரப் பெட்டி அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. அதற்காகத்தான் மூன்று ஆண்டுகளாகக் குடும்ப நினைவு மடல் என்ற செயல்பாட்டைச் செய்துவருகிறேன். குழந்தை தன் குடும்பத்தில் ஒரு பெரியவரைத் தேர்ந்தெடுத்து, அவர் வாழ்க்கையின் முக்கியச் செய்திகளைத் திரட்டி, ஒரே தாளில் அழகாக எழுதி, அவருக்கே பரிசாகக் கொடுக்க வேண்டும். வகுப்பில் நான்கு பாடவேளைகளும் வீட்டில் ஒரு வார விசாரிப்பும் போதும்.

முதல் ஆண்டு நான் செய்தது தவறு. தந்தை பெயர், தாத்தா பெயர், பூர்வீக ஊர் என்று கட்டம் போட்ட படிவத்தை நகலெடுத்துக் கொடுத்துவிட்டேன். எல்லாக் கட்டத்தையும் நிரப்பியவருக்கு முழு மதிப்பெண் என்றும் சொல்லிவைத்தேன். ஒரு மாணவி தந்தை பெயருக்கான கட்டத்தின் மேல் பெரிய தாமரைப் பூ ஒன்றை வரைந்து மறைத்திருந்தாள். வகுப்பிலேயே அதிக வேலைப்பாடு உள்ள மடல் அதுதான். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்குப் புரிய ஒரு நாள் ஆயிற்று. அதற்குள் எல்லா மடல்களையும் சுவரில் ஒட்டிவிட்டிருந்தேன்.

அன்றோடு படிவம் போயிற்று. இப்போது தருவது வெறும் தாள்தான். யாரைப் பற்றி எழுதுவது என்பது குழந்தையின் முடிவு. ஆயா, சித்தப்பா, வளர்த்த பக்கத்து வீட்டு அம்மா, விடுதியில் தங்கியிருந்தால் அங்கே சமைத்துப் போடும் அக்கா, யாராகவும் இருக்கலாம். சாதி, குலம், குலதெய்வம் பற்றிய கேள்விகள் வினாப்பட்டியலில் கிடையாது. மடலைச் சுவரில் வைப்பதா வேண்டாமா என்பதையும் குழந்தையே சொல்லும்.

செயல்பாட்டின் உயிர் இரண்டாம் பாடவேளையில் இருக்கிறது. சேகரித்து வந்த ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் 'எப்படித் தெரியும்?' என்று எழுதச் சொல்கிறேன். பாட்டி சொன்னார், குடும்ப அட்டையில் இருக்கிறது, புகைப்படத்தின் பின்புறம் எழுதியிருக்கிறது என்று ஒரு சிறு வரி. தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதலாம், மதிப்பெண் குறையாது. இந்த வரி வந்ததும் வகுப்பின் போக்கே மாறிவிடும். 'எங்க கொள்ளுத்தாத்தா ராஜா படையிலே இருந்தாரு' என்ற மாணவன் அடுத்த நாள், 'மாமா சொன்னது. வேறு சான்று இல்லை' என்று தானே திருத்திக்கொண்டு வந்தான். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அதிகம் சிக்கல் வருவது தேதிகளில்தான். அதில் நம் தொழிலுக்கும் பங்கு உண்டு. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்க வந்த பிள்ளையின் கையைத் தலைக்கு மேல் வளைத்து மறு காதைத் தொடச் சொல்லி, எட்டினால் ஐந்து வயது என்று கணக்கிட்டு, ஒரு தேதியைப் போட்டவர் வாத்தியார்தான். நம் பெரியவர்கள் பலருக்கு மே, ஜூன் மாதங்களில் பிறந்தநாள் வருவது இதனால்தான். அந்தத் தேதியே மாற்றுச் சான்றிதழ், வேலை, ஓய்வூதியம் என்று கடைசிவரை கூடவே வந்துவிட்டது.

வீட்டில் சொல்லும் தேதி வேறு வகை. 'தனுஷ்கோடி புயலுக்கு அடுத்த தை மாசம் கல்யாணம்' என்பார் பாட்டி. புயல் அடித்தது 1964 டிசம்பர். ஆகவே திருமணம் 1965 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள். தமிழ் ஆண்டுப் பெயர் கிடைத்தால் அறுபது ஆண்டுப் பட்டியலை வைத்துக் கணக்குப் பாடமே நடத்திவிடலாம். பார்த்திப ஆண்டு 2005 சித்திரையில் தொடங்கியது. அதற்கு முன் வந்த பார்த்திப ஆண்டு எது? 1945. சொன்னவருக்கு எண்பது வயதா, இருபது வயதா என்று பார்த்தால் எந்தச் சுற்று என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா, அழகுக்குச் செய்கிற தாள்தானே என்று உடன் பணிபுரியும் ஓர் ஆசிரியர் கேட்டார். அவருக்கு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியரின் கதையைச் சொன்னேன். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அவர்கள் குழந்தையின் பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் வண்ணத் தாளில் எழுதி வைத்துக்கொண்டார்கள். சுற்றிலும் துலிப் பூ, பறவை, இதயம். ஃபிராக்டூர் என்று பெயர். அவற்றை எழுதியவர்களில் பலர் கிராமப் பள்ளி ஆசிரியர்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். நன்றாகப் படித்த பிள்ளைக்கு ஒரு சின்னப் பறவைப் படம் வரைந்து பரிசாகத் தரும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. பின்னாளில், விடுதலைப் போரில் பணியாற்றிய வீரர்களின் மனைவியர் ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தபோது, திருமணத்துக்கும் பிள்ளைகளுக்கும் காட்டப் பதிவுச் சான்று இல்லை. அந்த மாநிலத்தில் பிறப்புப் பதிவு முறையாக நிலைபெற்றதே 1906இல்தான். ஆகவே சிலர் அந்தப் பூப்போட்ட தாளையே விண்ணப்பத்தோடு இணைத்தார்கள். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அலுவலகக் கோப்புகளுக்கு நடுவே பறவையும் பூவுமாக அவை இன்றும் இருக்கின்றன. எழுதிய வாத்தியார் தேதியைத் தப்பாக எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். நண்பர் அடுத்த வாரமே தன் வகுப்பிலும் மடல் வேலையைத் தொடங்கிவிட்டார்.

இனி கைவேலை. கெட்டியான வெள்ளைத் தாளில் நான்கு பக்கமும் இரண்டு விரல்கடை ஓரம் விட்டு, அதில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடச் சொன்னால் பிள்ளைகள் தாமாகவே சமச்சீரைப் பிடித்துக்கொள்வார்கள். எழுத்தைக் கோலத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் அலங்காரம் இடத்தை அடைத்துக்கொண்டு செய்தி சுருங்கிவிடும். ஸ்கெட்ச் பேனா எழுத்து வெயில் பட்டால் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும் என்பதால் எழுத்துக்குக் கறுப்பு இந்தியன் இங்க், வண்ணத்துக்கு மட்டும் ஸ்கெட்ச் பேனா. செல்லோ டேப் வேண்டாம். மஞ்சளாகிக் கறை விடும். பழைய புகைப்படத்தின் நகலை மட்டும் ஒட்ட வேண்டும், அசலை அல்ல. அசலை லேமினேட் செய்யத் துடிக்கும் பெற்றோரைத் தடுப்பதும் நம் வேலையே. சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது.

தலைப்பில் 'சான்றிதழ்' என்ற சொல்லைத் தவிர்த்து 'நினைவு மடல்' என்றே எழுதச் சொல்லுங்கள். முத்திரை வரைய ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நான்முகச் சிங்கமோ அரசுக் கோபுரமோ கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தேசியச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005இல் சட்டமே வந்திருக்கிறது. அதற்குப் பதிலாகத் தாத்தாவின் கலப்பை, பாட்டியின் பாக்குவெட்டி, அத்தையின் தையல் இயந்திரம் என்று வரைந்து வருகிறார்கள். அவை இன்னும் அழகாகவே இருக்கின்றன.

இந்த ஆண்டு ஒரு மாணவன் அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற தன் தாத்தாவைப் பற்றி எழுதினான். பள்ளிச் சான்றில் பிறந்த தேதி 5.6.1944. எண்பத்தைந்தைக் கடந்த அவருடைய அக்காவோ, 'பார்த்திப வருஷம், ஆடிப்பெருக்குக்கு நாலு நாள் முன்னாடி பொறந்தான்' என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் 1945 ஜூலை இறுதி. ஒரு வருஷத்துக்கு மேல் வித்தியாசம். 'எதை சார் எழுத?' என்று என்னிடம் வந்தான். இரண்டையும் எழுதி, இரண்டுக்கும் எப்படித் தெரியும் என்பதையும் எழுதச் சொன்னேன்.

மடலை வாங்க தாத்தாவே பள்ளிக்கு வந்திருந்தார். 'பாத்தீங்களா சார், உங்க வாத்தியாரு ஒருத்தரு என்னை ஒரு வருஷம் முன்னாடியே ரிட்டயர் பண்ணிட்டாரு' என்று சிரித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோலத்தையும் பூவையும் விட்டுவிட்டு, அந்த இரண்டு தேதிகளையும் விரல் வைத்துப் படித்தார்.

'அக்கா சொன்னதை மொதல்ல எழுதியிருக்கியேடா' என்றார் பேரனிடம்.