ஜேசன் பிறந்தது எந்தப் படத்தில்?

ஐஸ் ஹாக்கி கோல்கீப்பரின் வெள்ளை முகமூடி, கையில் நீளமான வெட்டுக்கத்தி, அவசரமே இல்லாமல் நடந்து வரும் ஆறடிக்கு மேற்பட்ட உருவம். ‘ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்’ படங்களில் ஒன்றைக்கூடப் பார்க்காதவர்களுக்கும் ஜேசன் வூர்ஹீஸ் என்றால் இந்தத் தோற்றம்தான். படத்துக்கு முன்பே பாத்திரம் தெரிந்துவிடுவதால், இந்தத் தொடரைப் பற்றித் தப்பும் தவறுமாக நிறைய நம்பிக்கைகள் உலவுகின்றன. 1980 முதல் 2009 வரை வந்த 12 படங்களையும் வெளியான வரிசையிலேயே பார்க்கும்படி நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். நாம் அறிந்த ஜேசனை யாரும் ஒரே மூச்சில் படைத்துவிடவில்லை. பல இயக்குநர்கள், பல சண்டைக் கலைஞர்கள், ஒப்பனைக்காரர்கள் ஆளுக்கொரு கை சேர்த்து அவனை வளர்த்தார்கள். வரிசையாகப் பார்த்தால் அந்த வளர்ச்சி கண்ணெதிரே நடக்கும்.

முதல் படத்தின் ரகசியத்திலிருந்து பல முடிச்சுகளை இனி அவிழ்க்கப்போகிறேன். எதுவும் தெரியாமல் அந்தப் படத்தைப் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டு வரலாம். அந்த வாய்ப்பு மிக அரிது, வீணாக்க வேண்டாம்.

நம்பிக்கை: முதல் படத்திலிருந்தே கொலைகாரன் ஜேசன்தான்.

இல்லை. ஷான் எஸ். கன்னிங்ஹாம் இயக்கி விக்டர் மில்லர் எழுதிய 1980ஆம் ஆண்டுப் படத்தில் கொலை செய்வது ஜேசனின் தாய் பமேலா. கிரிஸ்டல் லேக் முகாமில் 1957இல் அவள் மகன் ஏரியில் மூழ்கிப்போகிறான். கவனித்திருக்க வேண்டிய முகாம் ஊழியர்கள் கவனிக்கவில்லை. அந்த முகாம் மறுபடி திறக்கப்படுவதை அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 1996இல் வந்த ‘ஸ்க்ரீம்’ படத்தின் தொடக்கக் காட்சியில் தொலைபேசியில் மிரட்டுபவன் கேட்கும் கேள்வியே முதல் படத்தின் கொலைகாரன் யார் என்பதுதான். அந்தப் பெண் ஜேசன் என்று சொல்லி மாட்டிக்கொள்கிறாள். பதினாறு ஆண்டுகளுக்குள் உண்மை எவ்வளவு மறந்துபோயிருந்தது என்பதற்கு அந்தக் காட்சியே சாட்சி.

பமேலாவாக வரும் பெட்ஸி பால்மரின் நடிப்பைப் பற்றிப் போதுமான அளவு யாரும் பேசுவதில்லை என்பது என் வருத்தம். படத்தின் கடைசிப் பகுதியில்தான் அவர் திரைக்கு வருகிறார். கம்பளி ஸ்வெட்டர் போட்ட, அன்பாகப் பேசும் நடுத்தர வயதுப் பெண். பேசிக்கொண்டே இருக்கும்போது குரல் மாறுகிறது, மகனின் குரலில் தனக்குத் தானே கட்டளையிட ஆரம்பிக்கிறார். ஹாரி மான்ஃப்ரெடினியின் இசையில் திரும்பத் திரும்ப வரும் ‘கி கி கி, மா மா மா’ என்ற ஒலியின் பொருள் அங்கேதான் விளங்கும். ‘அவளைக் கொல், அம்மா’ என்ற ஆங்கிலச் சொற்களின் முதல் அசைகளைத் தன் குரலிலேயே பேசி, எதிரொலி சேர்த்து அவர் உருவாக்கிய ஒலி அது. தாயின் தலைக்குள் கேட்கும் பிள்ளையின் குரல். பின்னால் வந்த படங்களில் அதே ஒலி ஜேசன் வருவதற்கான அறிகுறியாக மாறிவிட்டது. நேராக நடுவிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் பயமுறுத்தும் சத்தம். முதல் படத்திலிருந்து வருபவர்களுக்கு அதில் ஒரு தாயின் துக்கம் ஒட்டியிருக்கும்.

முதல் படத்தில் ஜேசன் வருவது முடிவில் சில நொடிகள்தான். ஏரித் தண்ணீருக்குள்ளிருந்து படகை நோக்கிப் பாயும் சிறுவனாக வருகிறான். 1976இல் வந்த ‘கேரி’ படத்தின் இறுதி அதிர்ச்சியைப் பின்பற்றி வைத்த காட்சி. கனவா நனவா என்பதும் தெளிவில்லை. அந்தச் சில நொடிகளைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு பெரும் தொடரே கட்டப்பட்டது. மில்லருக்கு இதில் உடன்பாடு இருந்ததில்லை. ஒப்பனைக் கலைஞர் டாம் சவினியும் இரண்டாம் படத்தில் சேரவில்லை, நான்காம் படத்துக்கு ஜேசனைச் ‘சாகடிக்க’த்தான் திரும்பி வந்தார்.

நம்பிக்கை: முகமூடி அவனோடு பிறந்தது.

ஸ்டீவ் மைனர் இயக்கிய இரண்டாம் படத்தில் (1981) ஜேசன் வளர்ந்த ஆளாக வருகிறான். தலையில் ஒரு கண்ணுக்கு மட்டும் துளை போட்ட துணிப்பை. ஹாக்கி முகமூடி மூன்றாம் படத்தில்தான் (1982) வருகிறது, அதுவும் பாதிப் படம் தாண்டிய பிறகு. நண்பர்களைப் பயமுறுத்தி விளையாடும் ஷெல்லி என்ற இளைஞன் கொண்டுவந்த முகமூடி அது. யாராலும் விரும்பப்படாத ஒரு பையனின் விளையாட்டுப் பொருள், அவனைக் கொன்றவனின் முகமாகிவிடுகிறது. முகமூடியோடு தொடங்க வேண்டும் என்று மூன்றாம் படத்திலிருந்து ஆரம்பிப்பவர்கள் இந்தக் கைமாற்றத்தின் கனத்தை இழந்துவிடுகிறார்கள்.

அந்தப் படம் முப்பரிமாணத்துக்காக எடுக்கப்பட்டது என்பதையும் தெரிந்துகொண்டு பாருங்கள். யோயோ, பாப்கார்ன், கம்பு என்று எல்லாம் கேமராவை நோக்கி நீள்வதன் காரணம் அதுதான்.

நம்பிக்கை: ஜேசன் சாகாதவன், ஓடவே மாட்டான், மின்ரம்பத்தால் கொல்பவன்.

மூன்றும் தனித்தனித் தவறுகள். இரண்டாவது முதல் நான்காவது படம் வரை ஜேசன் ஒரு மனிதன். காட்டில் தனியே வளர்ந்தவன். அடித்தால் வலிக்கிறது, தடுமாறுகிறான், துரத்தும்போது நன்றாகவே ஓடுகிறான். இரண்டாம் படத்தில் உளவியல் படிக்கும் ஜின்னி, செத்துப்போன பமேலாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தாயின் குரலில் பேசுகிறாள். அவன் ஒரு குழந்தையைப் போலத் தலையைச் சாய்த்து நிற்கிறான். பிணமாக எழுந்து நடப்பவனிடம் இப்படி ஒரு காட்சியை எழுத முடியாது. என்னைக் கேட்டால் முழுத் தொடரிலும் மிக நேர்த்தியான காட்சி இதுதான்.

மின்ரம்பத்தைப் பொறுத்தவரை, அதே படத்தில் ஜின்னிதான் அதை எடுத்து அவனைத் தாக்குகிறாள். மின்ரம்பக் கொலைகாரன் என்ற பெயர் ‘தி டெக்சஸ் செயின் சா மாசக்கர்’ (1974) படத்தின் லெதர்ஃபேஸுக்கு உரியது. இருவரையும் குழப்பிக்கொள்கிறோம்.

சாகாவரம் கிடைப்பது டாம் மெக்லாஃப்லின் இயக்கிய ஆறாம் படமான ‘ஜேசன் லிவ்ஸ்’ (1986) படத்தில். கல்லறையைத் தோண்டி உடலில் குத்திய இரும்புக் கம்பியில் மின்னல் பாய்கிறது, பிணம் எழுகிறது. அவசரமில்லாத நடையும், தோள் ஏறி இறங்கும் கனத்த மூச்சும் அதற்கும் பிறகு கேன் ஹாடர் கொண்டுவந்தவை. 1988இல் ஏழாம் படத்தில் தொடங்கி நான்கு படங்களில் அவர்தான் ஜேசன். அதுவரை படத்துக்குப் படம் ஆள் மாறிக்கொண்டே இருந்தது.

நம்பிக்கை: எல்லாம் ஒரே கதை. வரிசை எதற்கு? ஐந்தாவதைத் தாண்டிவிடலாம்.

வரிசை முக்கியமில்லை என்பவர்கள் இரண்டு, மூன்று, நான்கு படங்களை அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, இரண்டாவது முடிந்த மறுநாள் தொடங்குகிறது. நான்காவது, மூன்றாவதில் கிடந்த பிணங்களை அள்ளிக்கொண்டு போவதிலிருந்து தொடங்குகிறது. 1981 முதல் 1984 வரை ஆண்டு இடைவெளி விட்டு வந்தாலும் கதைக்குள் மூன்றும் சில நாட்களில் நடந்து முடிகின்றன.

நான்காவதின் பெயர் ‘தி ஃபைனல் சாப்டர்’. அது இறுதி அத்தியாயம் என்று நம்பியவர்களுக்கு அடுத்த ஆண்டே ‘எ நியூ பிகினிங்’ வந்தது. இந்த ஐந்தாம் படத்தைத்தான் ரசிகர்களே தாண்டிப் போகச் சொல்கிறார்கள், அதில் கொலை செய்பவன் ஜேசன் இல்லை என்பதால். முகமூடியில் சிவப்புக்குப் பதில் நீலக் கோடுகள் இருப்பதைக் கவனித்தால் முன்பே சந்தேகம் வரும். கொலைகாரன் ராய் என்ற ஆம்புலன்ஸ் ஊழியர். ஒருவன் வெட்டிக் கொன்ற தன் மகனின் உடலைப் பார்த்து நிலை தவறியவர். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயில் தொடங்கிய தொடர், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தந்தையிடம் வந்து நிற்கிறது. படம் சுமாரானதுதான், பாத்திரங்கள் பலர் கொலைக்கென்றே வந்துபோகிறார்கள். ஆனாலும் முதல் படத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு ராயின் காரணம் நெஞ்சில் தைக்கும். தாண்டிப் போனால் அது கிடைக்காது.

நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் டாமி ஜார்விஸ் என்ற பையனின் கதையும்கூட. சிறுவனாகக் கோரி ஃபெல்ட்மன், பிறகு ஜான் ஷெப்பர்ட், பிறகு தாம் மேத்யூஸ். ஐந்தாவதில் ஜேசனை எரித்துச் சாம்பலாக்கிவிட்டதாக மேயர் சொல்கிறார். ஆறாவதில் அவன் உடல் கல்லறையில் இருக்கிறது. இப்படிப்பட்ட முரண்கள் தொடர் நெடுகிலும் உண்டு. ஏரியே ஓர் இடத்தில் நிற்கவில்லை. முதல் படம் நியூ ஜெர்சியில் நோபிபாஸ்கோ என்ற சாரணர் முகாமில் எடுக்கப்பட்டது. அடுத்தடுத்த படங்கள் கனெக்டிகட், கலிபோர்னியா, ஜார்ஜியா, அலபாமா என்று போயின. மன்ஹாட்டனின் பெயரைத் தாங்கிய எட்டாம் படம் (1989) பெரும்பாலும் கனடாவின் வான்கூவரில் எடுக்கப்பட்டது. கதையிலும் அதிக நேரம் கப்பலில்தான் கழிகிறது, நியூயார்க் கடைசிப் பகுதியில்தான் தலைகாட்டுகிறது.

நம்பிக்கை: கன்னிப்பெண் மட்டுமே பிழைப்பாள்.

‘ஸ்க்ரீம்’ படத்தில் ஒரு பாத்திரம் சொல்லும் விதி இது. அதை எல்லாப் படங்களுக்கும் பொருத்திப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. முதல் படத்தின் ஆலிஸ் மற்றவர்களோடு பீர் குடித்து, ஆடை களையும் சீட்டாட்டம் போன்ற ஒரு மோனோபோலி விளையாட்டில் உட்கார்ந்திருப்பவள். ஜின்னிக்குக் காதலன் இருக்கிறான், அவர்கள் உறவும் மறைவானதில்லை. நான்காம் படத்திலிருந்து தனியே ஒருத்தி மிஞ்சுவதே நின்றுவிடுகிறது. நான்காவதில் அக்காவும் தம்பியும், ஆறாவதில் டாமியும் மேகனும், ஏழாவதில் டீனாவும் நிக்கும் என்று சேர்ந்தே பிழைக்கிறார்கள்.

பெண்களை இந்தப் படங்கள் காட்டும் விதம் பற்றிய விமர்சனத்தை நான் தள்ளிவிடவில்லை. 1980லேயே விமர்சகர்கள் சிஸ்கலும் ஈபர்ட்டும் தங்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதற்கென்று தனியே ஒரு பகுதி ஒதுக்கிக் கண்டித்தார்கள். கேரல் க்ளோவர் என்ற அறிஞர் 1987இல் எழுதிய கட்டுரையில் ‘இறுதிப் பெண்’ என்ற கருத்தை முன்வைத்து, பார்க்கும் ஆண்களும் அவளோடுதான் ஒன்றுகிறார்கள் என்று வாதிட்டார். இரண்டு தரப்பையும் படியுங்கள். படங்களில் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

நம்பிக்கை: ரத்தக்களரி தவிர ஒன்றுமில்லை.

அமெரிக்கத் திரைப்பட மதிப்பீட்டுக் குழு இந்தப் படங்களைக் கடுமையாகக் கத்தரிக்க வைத்தது. மிக மோசமாக அடிபட்டது ஏழாம் படம். நீக்கப்பட்டவை தரம் குறைந்த வீடியோப் பிரதியாகத்தான் பின்னாளில் பார்க்கக் கிடைத்தன. வன்முறை நிறைய, ஆனால் திரையில் நாம் பார்ப்பது நினைவில் இருப்பதைவிடக் குறைவு.

நம்பிக்கை: கதையின் கால வரிசையில்தான் பார்க்க வேண்டும்.

பத்தாம் படமான ‘ஜேசன் எக்ஸ்’ பெரும்பாலும் 2455ஆம் ஆண்டில், விண்கலத்தில் நடக்கிறது. எனவே அதற்குப் பின் 2003இல் வந்த ‘ஃப்ரெடி வெர்சஸ் ஜேசன்’ படத்தை முன்னால் கொண்டுவரச் சொல்வார்கள். வேண்டாம். இந்த இரண்டின் இடத்தை மாற்றுவதால் கிடைப்பது ஒன்றுமில்லை. ஒன்பதாம் படத்தின் முடிவில் ஃப்ரெடியின் கத்திக் கையுறை ஜேசனின் முகமூடியை மண்ணுக்குள் இழுத்துப் பத்து ஆண்டுகள் ரசிகர்கள் காத்திருந்த பிறகே இருவரும் மோதினார்கள். அந்தக் காத்திருப்பைக் கொஞ்சமாவது உணர வெளியான வரிசையே உதவும். அதற்கு முன், ஃப்ரெடி அறிமுகமாகும் வெஸ் க்ரேவனின் ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ (1984) படத்தையாவது பார்த்துவிடுங்கள். 1987 முதல் 1990 வரை ‘ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்’ என்ற பெயரிலேயே வந்த தொலைக்காட்சித் தொடரில் ஜேசன் இல்லை. அதைத் தேடி அலைய வேண்டாம்.

நம்பிக்கை: 2009க்குப் பிறகு கூட்டம் வராததால் படங்கள் நின்றுவிட்டன.

2009இல் வந்த மறு ஆக்கம் முதல் வார இறுதியிலேயே அமெரிக்காவில் 4 கோடி டாலர் ஈட்டியது. அதன் பின் வந்த தடைகளில் பெரியது வழக்கு. முதல் படத்தின் திரைக்கதை உரிமையைத் திரும்பக் கேட்டார் விக்டர் மில்லர். 2018இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் அமெரிக்காவில் அந்தத் திரைக்கதை மில்லருடையது. அதில் இருப்பது பமேலாவும், ஏரியில் மூழ்கிய சிறுவனும். முகமூடி போட்ட, வளர்ந்த ஜேசன் யாருக்குச் சொந்தம் என்பதை அந்தத் தீர்ப்பு முடிவு செய்யவில்லை.