அளக்காமலே கிடைக்கும் என்ட்ரோபி

கேள்வி: ஐயா, நான் முதுநிலை வேதியியல் படிக்கிறேன். பாடப்புத்தகப் பின்னிணைப்பில் உள்ள வாயுக்களின் என்ட்ரோபி மதிப்புகள் பலவும் கலோரிமீட்டரில் அளந்தவை அல்ல, மூலக்கூறின் நீளத்தையும் அதிர்வையும் வைத்துக் கணக்கிட்டவை என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. இதே முறையில் என் ஆய்வுத் திட்டத்துக்காக ஒரு வினையின் வேகத்தைக் கணினியில் கணக்கிட்டேன். ஆய்வக மதிப்பைப்போல் ஐந்து மடங்கு வருகிறது. இந்தக் கணக்குகளை எந்த அளவுக்கு நம்பலாம்?
– ஒரு மாணவி, திருச்சி

பதில்: பேராசிரியர் சொன்னது சரி. நம்பிக்கை வர வேண்டுமென்றால் ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட வேண்டும். ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

நைட்ரஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 298 கெல்வின், 1 பார் அழுத்தம். மூலக்கூறு நிறை 28.01. இந்த நிறை ஒன்றை வைத்தே சாக்கர்–டெட்ரோடு சமன்பாடு இடப்பெயர்ச்சிக்கான என்ட்ரோபியைக் கொடுத்துவிடும்: 150.4. (அலகு எல்லா இடத்திலும் மோலுக்கு, கெல்வினுக்கு இத்தனை ஜூல்.) அடுத்தது சுழற்சி. இரண்டு அணுக்களுக்கும் இடையே 1.10 ஆங்ஸ்ட்ராம் தூரம். அதிலிருந்து நிலைமத் திருப்புத்திறன் வருகிறது. மூலக்கூறை அரைச்சுற்று திருப்பினால் பழையபடியே இருப்பதால் சுழற்சிக்கான பங்கீட்டுச் சார்பை 2-ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது 41.2. கடைசியில் அதிர்வு. அதன் அலையெண் சென்டிமீட்டருக்கு 2330. அறை வெப்பநிலை தரும் ஆற்றல் அதே அலகில் 207 மட்டுமே. அதைக்கொண்டு அடுத்த படிக்கு ஏற முடியாமல் ஏறக்குறைய எல்லா மூலக்கூறுகளும் அடிநிலையிலேயே இருக்கும். அதனால் அதிர்வின் பங்கைப் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்ளலாம். கூட்டினால் 191.6. உங்கள் பின்னிணைப்பைப் புரட்டிப் பாருங்கள், அதே எண்தான் இருக்கும்.

இந்த நீளமும் அதிர்வும் எப்படிக் கிடைத்தன என்பதில் உங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. நைட்ரஜனுக்கு இருமுனைத் திருப்புத்திறன் கிடையாது. அதன் சுழற்சியும் அதிர்வும் நுண்ணலையிலோ அகச்சிவப்பிலோ பதிவாகாது. அவற்றை நேராகக் காட்டிக்கொடுத்தது ராமன் விளைவு. திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் அதைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே இத்தாலிய இயற்பியலாளர் ராசெட்டி, நைட்ரஜனின் சுழற்சிக் கோடுகளைப் பதிவு செய்தார். கோடுகள் ஒன்று பிரகாசம், ஒன்று மங்கல் என்று மாறி மாறி விழுந்தன. இரண்டு அணுக்கருக்களையும் வேறுபடுத்த முடியாது என்பதன் அடையாளம் அது. நாம் 2-ஆல் வகுத்ததற்கும் அதுவே காரணம்.

கணக்கும் அளவீடும் முரண்பட்ட இடங்கள் உண்டா? உண்டு, எனக்கு மிகப் பிடித்த பகுதியே அதுதான். கார்பன் மோனாக்சைடில் கணக்கிட்ட என்ட்ரோபியைவிடக் கலோரிமீட்டர் மதிப்பு சுமார் 4.6 குறைந்தது. கணக்கில் தவறில்லை. உறையும்போது அந்த மூலக்கூறுகள் தலைமாறிக் கிடந்து அப்படியே இறுகிவிடுகின்றன. குளிர்வித்தாலும் அந்த ஒழுங்கின்மை போவதில்லை. எனவே சூடாக்கி அளக்கும்போது அது கணக்கில் வருவதும் இல்லை. ஈத்தேனில் தவறு கணக்கின் பக்கமே இருந்தது. இரு மெத்தில் தொகுதிகளும் தடையின்றிச் சுழல்கின்றன என்று வைத்துப் போட்ட கணக்கு, அளந்த மதிப்புக்கு மேலே போனது. சுழற்சிக்கு மோலுக்குச் சுமார் 12 கிலோஜூல் தடை இருக்கிறது என்பதை 1936-இல் கெம்ப்பும் பிட்சரும் காட்டினார்கள். ஒரு வாயுவின் வெப்பத்தைப் பொறுமையாக அளந்தே ஒற்றைப் பிணைப்பின் குணத்தைக் கண்டுகொண்டார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு வியப்பு.

இந்த ஈத்தேன் கதைக்கும் உங்கள் ஐந்து மடங்குக்கும் தொடர்பு இருக்கலாம்.

1935-இல் ஐரிங் தந்த சமன்பாட்டின்படி, வினைவேகத்துக்கும் இதே சரக்குதான்: நிறை, வடிவம், அதிர்வெண்கள். கூடுதலாக ஆற்றல் தடை. ஆனால் கிளர்வுற்ற அணைவைக் குப்பியில் பிடித்துவைத்து நிறமாலை எடுக்க முடியாது. அதன் அதிர்வெண்கள் குவாண்டம் வேதியியல் மென்பொருளிலிருந்துதான் வருகின்றன. எனவே சந்தேகப்பட வேண்டிய இடம் இரண்டு.

ஒன்று, தடையின் உயரம். அறை வெப்பநிலையில் மோலுக்கு 4 கிலோஜூல் பிசகினாலே வேகம் ஐந்து மடங்கு மாறிவிடும். நல்ல கணிப்பு முறைகளே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் துல்லியம் ஏறக்குறைய இவ்வளவுதான். அந்த வகையில் உங்கள் விடை மோசமானதே அல்ல.

மற்றொன்று, பலரும் பார்க்காமல் விடுவது: தாழ்ந்த அலையெண்கள். மென்பொருள் எல்லா அசைவையும் சுருள்வில் அதிர்வாகவே பாவிக்கும். அணைவில் தளர்வாக ஆடும் ஒரு மெத்தில் தொகுதிக்கு உண்மையில் 50 இருக்க வேண்டிய இடத்தில் அது 10 என்று கொடுத்தால், அந்த ஒரு அசைவினாலேயே என்ட்ரோபி 13.4 கூடும், வேகம் சரியாக ஐந்து மடங்காகும். 2330-இல் பத்து இருபது பிசகினால் என்ட்ரோபிக்கு ஒன்றும் ஆகாது. 10-க்கும் 50-க்கும் இடையே பிசகினால் என்ட்ரோபி எங்கோ போய்விடும். நான் மாணவர்களின் கணக்கைத் திருத்தும்போது முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலின் அடிப்பகுதியைத்தான்.

தடையுள்ள சுழற்சிக்கு பிட்சரும் க்வின்னும் 1942-இல் தந்த அட்டவணைகள் இன்றும் பயன்படுகின்றன. அது சிரமம் என்றால், 100-க்குக் கீழுள்ள மெய் அலையெண்களை எல்லாம் 100 என்று வைத்து மறுபடி கணக்கிடுங்கள். ஆனால் வினைபடுபொருளுக்கும் அணைவுக்கும் ஒரே விதியைப் பயன்படுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வரும் விடைக்குப் பொருளே இல்லை. சமச்சீர் எண்ணையும் (நைட்ரஜனில் நாம் வகுத்த அந்த 2) ஒருமுறை சரிபாருங்கள். மென்பொருள் சில நேரம் சமச்சீரைத் தவறவிடும்.

உங்கள் வினையில் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு உடைகிறதா? அப்படியானால் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் வைத்தும் கணக்கிடுங்கள். நீட்சி அதிர்வு சுமார் 2900-லிருந்து 2100-க்கு இறங்குவதால் வேகம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகக் குறையலாம். தடையின் உயரத்தில் உள்ள பிழை இரண்டு கணக்கிலும் ஒன்றே என்பதால், விகிதம் எடுக்கும்போது அது அடிபட்டுப் போகிறது. தனி வேகத்தைவிட இந்த விகிதத்தை நான் அதிகம் நம்புவேன்.

உங்கள் கணக்கை நான் இன்னும் பார்க்கவில்லை. அணைவுக்கும் வினைபடுபொருள்களுக்கும் 200-க்குக் கீழே உள்ள அலையெண்களை மட்டும் எழுதி அனுப்புங்கள்.