முதல் நாளிலேயே எழுதி வையுங்கள்

பசறை, மடுல்சீமை, அப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் பொதுவேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே! "பொலிஸ்ல புள்ளைய அடிச்சிட்டாங்க" என்று ஒரு தாய் லயத்து வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். நமக்குச் சட்டம் குறைவில்லை. ஆனால் அது பெரும்பாலும் முதல் வாரத்திலேயே, தோட்ட எல்லையைத் தாண்டுமுன்பே செத்துப்போகிறது.

1. எங்கே எல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓடுபவரைப் பிடிக்கவும், கத்தி வீசுபவரைத் தடுக்கவும் பொலிஸ் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம். பிடிபட்ட பிறகு, தப்பாமல் இருக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது. கூண்டுக்குள் போட்டு உண்மையைக் கக்கவைக்க அடிப்பதற்கோ எந்த அளவும் கிடையாது. ஒரு அடியும் கூடாது. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையை முற்றாகத் தடுக்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி, குற்றம் நிரூபணமானால் குறைந்தது ஏழு ஆண்டு சிறை. "கள்ளன்தானே, ரெண்டு போட்டா என்ன" என்று நம் பெரியவர்களே சொல்வார்கள். அவர்களோடு மல்லுக்கட்டாதீர்கள், ஆனால் ஒத்தும் போகாதீர்கள். கள்ளனா இல்லையா என்று தீர்மானிப்பது நீதிமன்றம்.

2. முதலில் ஆஸ்பத்திரி, பிறகுதான் மற்ற எல்லாம். கன்றிப்போன காயம் சில நாளில் மறைந்துவிடும். தோட்ட மருந்தகத்தில் களிம்பு பூசிக்கொண்டு வந்தால் எந்தப் பதிவும் மிஞ்சாது. பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். யார், எங்கே, எதனால் அடித்தார்கள் என்று டாக்டரிடம் அடிபட்டவரே சொல்லட்டும். சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஆள் இன்னும் பொலிஸில் இருந்தால், 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். அங்கே சட்டத்தரணி அடியைப் பற்றி வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அது வழக்கேட்டில் ஏற வேண்டும். வீட்டில் அழுவது எந்த ஏட்டிலும் ஏறாது.

3. விளங்காத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்து வேண்டாம். நம் ஆட்கள் பாதி வழக்கைத் தோற்பது இங்கேதான். சிங்களத்தில் எழுதியதை ஒருவர் வாசித்து, தமிழில் விளக்கிச் சொன்ன பிறகே பேனாவைத் தொட வேண்டும். தமிழில் முறைப்பாடு செய்வது உரிமை, யாரும் போடும் பிச்சை அல்ல. முறைப்பாட்டு இலக்கத்தை அன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.

4. பிந்துனுவெவவை மறக்காதீர்கள். உங்களில் பலர் பிறக்காத காலம். 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்குப் பக்கத்தில், அரசின் காவலில் புனர்வாழ்வு முகாமில் இருந்த தமிழ் இளைஞர்களைக் கூட்டம் புகுந்து வெட்டியும் எரித்தும் கொன்றது. இறந்தவர்கள் 25க்கும் மேல். ஏறத்தாழ 60 பொலிஸார் ஆயுதத்தோடு அங்கே இருந்தார்கள். நீதியரசர் குலதிலகவின் தலைமையில் ஆணைக்குழு விசாரித்தது. 2003இல் பொலிஸார் உட்பட ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005 முடிவதற்குள் எல்லாரும் விடுதலையாகிவிட்டார்கள். அடிப்பது மட்டுமே குற்றம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். காப்பாற்ற வேண்டிய இடத்தில் கைகட்டி நிற்பதும் கேள்வி கேட்கப்பட வேண்டிய குற்றம்தான். கொல்லப்பட்டவர்களின் தாய்மாருக்கு இன்றுவரை பதில் வரவில்லை. எனக்கு அது ஆறாத காயம்.

5. நாளை எண்ணுங்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். மடுல்சீமையிலிருந்து கொழும்புக்குப் போய்வரும் செலவை நினைத்தாலே அந்த மாதம் ஓடிவிடும். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் பதுளையில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, தொலைபேசி இலக்கம் 1996. அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. ஆனால் கடிதம் கொடுத்துவிட்டோம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள்; விசாரணை நடக்கிறது என்பதற்குத் தாள் வேண்டும். தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் எழுதுங்கள். 2020இல் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2022இல் 21ஆவது திருத்தம் திருப்பிக் கொடுத்தது.

6. பெரிய இடம் என்று பயப்படாதீர்கள். தேசபந்து தென்னகோன் உள்ளிட்ட பொலிஸ் அதிகாரிகள் ஒருவரைச் சித்திரவதைக்கு உள்ளாக்கி உரிமையை மீறியதாக 2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் அவரைப் பொலிஸ்மா அதிபர் ஆக்கினார்கள். 2024 ஜூலையில் நீதிமன்றம் அவரது பணியை இடைநிறுத்தியது, 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் பதவி நீக்கியது. அடிபட்டவர் சிங்களவர். இது நம் சனத்தின் பிரச்சினை மட்டும் அல்ல என்று பக்கத்துக் கிராமத்துக்கும் சொல்லுங்கள்.

7. கொழும்புக்கு வேலைக்குப் போகும் பெண்களிடம் இதையெல்லாம் போவதற்கு முன்பே பேசுங்கள். பதுளைப் பக்கத்துத் தாய் ஒருவர், வேலை செய்த வீட்டின் உரிமையாளர் கொடுத்த நகைத் திருட்டு முறைப்பாட்டில் பிடிபட்டு, 2023 மே மாதம் வெலிக்கடைப் பொலிஸ் காவலில் இறந்தார். மூன்று பிள்ளைகள் அவருக்கு. வேலை வீட்டு முகவரி, அருகிலுள்ள பொலிஸ் நிலையம், ஒரு சட்டத்தரணியின் இலக்கம் மூன்றும் ஊரில் ஒருவரிடம் இருக்கட்டும்.

8. சமரசம் பேச ஆள் வருவார்கள். காசு கொடுப்பார்கள், வேலைக்குப் பயம் காட்டுவார்கள். முடிவு அந்தக் குடும்பத்தினுடையது. நீங்கள் தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது. வழக்கை நடத்த அவர்கள் துணிந்தால் தனியே விடாதீர்கள். வத்தளையில் 2002இல் ஆள் மாறாட்டத்தில் பொலிஸாரால் வதைக்கப்பட்ட ஜெரால்ட் பெரேரா உயர் நீதிமன்றத்தில் வென்றார். சித்திரவதை வழக்கில் சாட்சி சொல்லுமுன் 2004 நவம்பரில் பஸ்ஸில் சுடப்பட்டு இறந்தார். ஆகவே மருத்துவச் சிட்டை, முறைப்பாட்டுப் பிரதி, படங்கள் எல்லாவற்றையும் ஒரே லயத்தில் வைக்காமல் மூன்று பேரிடம் பிரித்துக் கொடுங்கள். வழக்குக்குப் போகும் நாளில் அந்தக் குடும்பத்தோடு இரண்டு பேராவது பஸ் ஏறுங்கள்.